கிடாயின் சம்மதம் கேட்ட ஊர்

இவ்வளவு மரியாதையாக என்னை யாரும் பஸ் தள்ளச் சொன்னதில்லை.

சேலத்திலிருந்து புதுச்சத்திரம் போகும் வழியில், ஒரு மேட்டின் பாதியில் எங்கள் பஸ் பெருமூச்சு விட்டுவிட்டு நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. கண்டக்டர் கீழே குதித்தார். "சாமிகளா, சித்தெ எறங்குங்க. ஒரு கை போடுங்க. அட, நீங்களுந்தானுங்க, கோட்டுப் போட்ட சாமி!"

கோட்டுப் போட்ட சாமி நான்தான். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துப் போட்ட கோட்டு அது. சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு சேலம் ஜில்லாவில் பஸ் தள்ளியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எங்கள் யாழ்ப்பாணத்தில் வேலை சொல்லுகிறவன் அதட்டி உறுக்கித்தான் சொல்லுவான். இங்கே திட்டுவதற்கும் ஒரு 'ங்க' போடுகிறார்கள். பின்சக்கரத்தில் கால் மாட்டிக்கொள்ளப் போன ஒருவரைக் கண்டக்டர், "அறிவு கெட்டவருங்களா நீங்க?" என்று கேட்டார். அவரும், "இல்லீங்க" என்று பதில் சொல்லிவிட்டுத் தள்ளினார்.

எனக்கு அப்போதே இந்த ஊர் பிடித்துப்போய்விட்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளம், லாரி, சுருட்டுக் கொட்டகை என்று எங்கும் ஆறு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. கடைசியாக அட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கே கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலை செய்தவன் செங்கோடன். புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர்க்காரன். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் விழுந்து, பாடை கட்ட மூங்கில் வெட்டிய பிறகு எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். அந்தக் காய்ச்சலின்போது, பிழைத்தால் ஊர்க் கருப்பணாருக்கு ஒரு கிடாய் வெட்டுவதாக நேர்ந்துகொண்டானாம். தோட்டத்தில் விடுப்புக் கிடைக்கவில்லை. நானோ எங்கே போகலாம் என்று கால் அரித்துக்கொண்டிருந்தவன்.

"எனக்குப் பதிலா நீங்க போயிட்டு வாங்க" என்றான். "கெடாயை வெட்டிப் போட்டுட்டு, எம் பொண்டாட்டி பாவாயியைக் கூட்டிக்கிட்டு வந்துருங்க."

இரண்டும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வேலைகளாகத்தான் எனக்குத் தோன்றின.

ஊர் எல்லையிலேயே ஒருவர் என்னை நிறுத்தி, எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்தார். சிலோன் என்றேன். அடுத்து, "என்ன கூட்டமுங்க?" என்று கேட்டார். "கூட்டம் ஒண்டுமில்லை, தனியாத்தான் வந்தனான்" என்றேன். அவர் வெகுநேரம் என்னையே பார்த்தார். கூட்டம் என்றால் இங்கே குலப்பிரிவு என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். அதற்குள் 'கூட்டமில்லாதவர்' என்று ஊர் முழுக்க எனக்குப் பெயர் விழுந்திருந்தது.

பாவாயி தன் அண்ணன் காளியண்ணன் வீட்டில் இருந்தாள். அதை வீடு என்று ஒருவரும் சொல்லவில்லை, ஊடு என்றார்கள். காளியண்ணன் நெடிய மனிதர். தலையில் உருமால், தோளில் மண்வெட்டி. வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "மொதல்ல சோறு உண்ணுங்க" என்றார்.

சோறு என்றால் களி. கேழ்வரகு மாவைக் கிண்டி, தேங்காய் அளவுக்கு உருட்டி, கொள்ளுச்சாற்றுக்கு நடுவில் ஒரு தீவு மாதிரி வைத்தார்கள். நான் ஒரு துண்டைப் பிய்த்து மென்றேன். மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"மெல்லாதீங்க சாமி" என்றார் காளியண்ணன். "முழுங்கோணும்."

"எப்படி முழுங்குறது?"

"சாத்துல தோச்சு உள்ள உடுங்க. அது வழி கண்டுக்கும்."

அது வழி கண்டுகொண்டது. அடுத்த வேளைக்குள் ஒரு உருண்டையை ஊர்க்காரர் வேகத்தில் இறக்கப் பழகிவிட்டேன். எங்கள் ஊர்ப் புட்டையும் மீன் குழம்பையும் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தேங்காயா என்று ஆச்சரியப்பட்டார்கள். பனைமரம் மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. ஆனால் இந்த ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. பதநீரை இங்கே தெளுவு என்கிறார்கள். அதை ஆளுக்கொரு பனையோலைப் பட்டையில் வாங்கி, பழைய நாளை நினைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துச் சுளித்துக் குடிக்கிறார்கள்.

சாப்பிட்ட பிறகுதான் காளியண்ணன் விஷயத்துக்கு வந்தார்.

"செங்கோடன் செத்துட்டான்னு போன வருசமே சேதி வந்துருச்சுங்க. பாடைக்கு மூங்கில் வெட்டுனதைப் பாத்துட்டு வந்த வெளியூர்க்காரன் ஒருத்தன் சொன்னான்."

"மூங்கில் வெட்டினது உண்மை. பிறகு எழும்பிட்டான்."

"எழும்பினதைப் பாத்தவரு நீங்க ஒருத்தர்தானுங்க. நீங்க பேசுறதே எங்களுக்குப் பாதி வெளங்குல." அவர் குரலில் கோபம் இல்லை. "எந் தங்கச்சிய வெறும் பேச்சை நம்பிக் கடலுக்கு அக்கட்டால அனுப்பச் சொல்றீங்க. இந்த ஊர்ல இருந்து போனவங்க ஆரும் இதுநாள்வரைக்கும் திரும்பி வந்து எம்முன்னால நின்னதில்லை."

அவர்கள் சனத்தில் பெண்ணுக்கு இரண்டாம் கல்யாணம் வழக்கம்தான். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் கிணறும் மாடும் உள்ள ஒருவருக்குப் பாவாயியைக் கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்றுவதாக இருக்கிறது. நான் வந்து சேர்ந்தது செவ்வாய்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "நேந்த கெடாயை வெள்ளிக்கிழமை கருப்பணார் முன்னால நிறுத்துவோம். செத்தவன் பேருக்குச் சாமி உத்தரவு குடுக்காது. உத்தரவு ஆச்சுன்னா செங்கோடன் இருக்கறான்னு அர்த்தம். நாமகிரிப்பேட்டையில இருந்து ஒரு கங்காணியோட நாலஞ்சு குடும்பம் சிலோனுக்குக் கெளம்புது. அவங்களோட அனுப்பி வெக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள உத்தரவு ஆகலீன்னா வெத்தலை மாத்திருவேன். சம்மதமுங்களா?"

கிடாயை நிறுத்துவதில் என்ன கஷ்டம் என்று நினைத்து நானும் சம்மதம் என்றேன்.

 மறுநாள் காலை பாவாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டாள். "ஏனுங்க, எங்கூட்டுக்காரரு இன்னும் கொறட்டை உடறாருங்களா?"

"விடுறானோ? தோட்டத்து லயத்தில அடுத்த அறையில படுத்திருந்தனான். அவன் மூச்சை இழுத்தாக் கூரைத் தகரம் கீழ வரும், விட்டா மேல போகும். மூண்டாம் நாளே பாயைச் சுருட்டிக்கொண்டு கடைக்குள்ள படுக்கப் போயிட்டன்."

அவளுக்கு முதலில் பாதிதான் புரிந்திருக்க வேண்டும். மீதி புரிந்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இது போதுமுங்க. அண்ணனுக்குத்தான் போதாது" என்றாள்.

வியாழக்கிழமை சந்தைக்குப் போய்க் கிடாய் வாங்கினேன். வெள்ளாட்டுக் கிடாய், முழுக் கறுப்பு, தாடி வைத்த ஒரு பெரிய மனிதர். வழியெல்லாம் அவர்தான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர என் படிப்புப் போதாது. எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நல்ல கெடாய்ங்க!" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அன்று பொழுதோடு காளியண்ணன் கிணற்றில் கவலை என்கிற மாட்டு ஏற்றம் இறைப்பதைப் பார்த்தேன். எங்கள் ஊரில் துலாவில் ஆள் ஏறி நடந்து தண்ணீர் இறைப்போம். இங்கே இரண்டு மாடுகள் சரிவில் இறங்கித் தோல்சாலை மேலே இழுக்கின்றன, பிறகு பின்பக்கமாகவே நடந்து மேடு ஏறுகின்றன. மனிதனுக்கே வராத வித்தை. ஓட்டுகிறவர் இறங்கும்போது வடத்தின் மேல் ஒய்யாரமாக உட்கார்ந்துகொள்கிறார். நானும் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். பாதிச் சரிவில் நான் ஒரு பக்கமும் கோட்டு ஒரு பக்கமுமாகக் கிடந்தோம். மாடுகள் திரும்பிப் பார்த்தன. காளியண்ணன் அன்றுதான் முதல் தடவை சிரித்தார். தான் நம்பாத ஒருவனுக்கு மூன்று நாளாகச் சோறு போட்டு, கவலை வடத்தில் சவாரியும் கொடுக்கிற மனிதரை என்ன சொல்வது?

வெள்ளிக்கிழமை விடிந்ததும், கோயிலுக்குப் போகிறோமே என்று வாய்க்காலில் இறங்கிக் குளித்தேன். நான் குளித்துவிட்டு அந்த நாற்றத்தை அப்படியே சாமி முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதா? எங்கள் பக்கத்தில் கோயிலுக்கு ஒரு வாழைக்குலை கொண்டுபோனாலும் கழுவித்தான் கொண்டுபோவோம். கிடாயையும் தண்ணீருக்குள் இழுத்தேன். முதலில் துள்ளியது. சவர்க்காரத்தை, அதாவது வாசனைச் சோப்பை, எடுத்துக் கழுத்து, வயிறு, தாடி எல்லாம் தேய்த்தேன். பிறகு அதற்கே பிடித்துப்போய், கண்ணை மூடிக்கொண்டு நின்றது. கரையேற்றத்தான் கஷ்டப்பட்டேன். ஈரம் சொட்டச் சொட்ட, கறுப்புப் பட்டு மாதிரி என் பின்னால் கோயிலுக்கு நடந்து வந்தது.

கருப்பணார் வேலமரங்களுக்கு நடுவில், கூரையில்லாமல், கையில் அரிவாளோடு நிற்கிறார். ஊரே கூடியிருந்தது. பெரிய மொடாக்களில் உலைத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கிடாய் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி. சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில் திருச்செங்கோட்டுக்காரர்கள் வெற்றிலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எது நடந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போவோம் என்ற முகத்தோடு இருந்தார்கள்.

பூசாரி மஞ்சள் தண்ணீரைக் கிடாயின் முதுகில் தெளித்தார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கிடாய் அசையவில்லை.

"இப்ப என்ன நடக்க வேணும்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"சிலுத்துக்கோணுமுங்க. தலையில இருந்து வால்வரைக்கும் ஒரு ஒதறு ஒதறோணும். அதுதான் உத்தரவு. அது ஒதறாம அருவாளை ஓங்க மாட்டாங்க."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்டுவதற்குக் கிடாயின் சம்மதம் வேண்டும். சாமி அதன் உடம்பு வழியாகப் பதில் சொல்லும். எங்கள் ஊரில் நான் பார்த்த இடங்களில் யாரும் எந்தக் கிடாயையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பஸ் தள்ளச் சொல்வதற்கே கெஞ்சுகிற ஊர் இது, கிடாயிடம் கேட்காமல் இருக்குமா?

பூசாரி மறுபடி தெளித்தார். கிடாய் தலையைத் தூக்கி, இன்னும் கொஞ்சம் என்பதுபோல் நின்றது. பூசாரி ஒரு செம்பு முழுக்க ஊற்றினார். கிடாய் கண்ணை மூடிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஆளுக்கு ஆள் யோசனை.

"வால் பக்கம் ஊத்துங்க!"

"காதுல ரெண்டு சொட்டு உடுங்க, தானா ஒதறும்."

"காதுல உடக் கூடாது! அது களவாணித்தனம். சாமி கண்ணைப் பொத்துறதா?"

"கெழக்கே பாத்து நிறுத்துங்கப்பா."

"ஏ கருப்பா, கொழந்தைகளெல்லாம் பசியோட நிக்குது, மனசு எறங்கு!"

ஆளுக்கொரு செம்பு ஊற்றினார்கள். உச்சி வெயில் தாண்டியது. மொடாக்களில் உலைத்தண்ணீர் பாதியாக வற்றி, மறுபடி நிரப்பினார்கள். ஒரு குழந்தை அழுதது. பாவாயி வேலமரத்தில் சாய்ந்து கிடாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.  காளியண்ணன் மட்டும் ஒரு செம்பும் ஊற்றாமல் ஒதுங்கி நின்றார். புளியமரத்தடியில் வெற்றிலைப் பையின் கயிற்றைத் தளர்த்தத் தொடங்கிவிட்டார்கள்.

பூசாரி குனிந்து கிடாயின் கழுத்தை மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி மோந்தார்.

"ஏனுங்க, கெடாய்ல பூ வாசம் வருது?"

"காலைல வாய்க்கால்ல குளிப்பாட்டினனான்" என்றேன். "சவர்க்காரம் போட்டு."

கையில் செம்போடு நின்றவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"கெடாயைக் குளிப்பாட்டினீங்களா?" பூசாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏஞ்சாமி, ஒணந்த கெடாய் மேல குளுந்த தண்ணி பட்டாத்தானே ஒடம்பு சிலுக்கும்? விடிஞ்சதுல இருந்து ஊறிக் கெடக்கற கெடாய் எதுக்குச் சிலுத்துக்கும்?"

யாரோ ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அது பரவியது. மொடாக்காரர்கள், கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். "கூட்டமில்லாதவர் கெடாய்க்கு எண்ணெய்யும் தேச்சு உட்டிருப்பாருங்க!" என்றார் ஒருவர். திருச்செங்கோட்டுக்காரர்கூட வெற்றிலைப் பையால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார்.

பாவாயி சிரிக்கவில்லை. வேலமரத்தை விட்டு முன்னால் வந்தாள். "எல்லாரும் சொம்பைக் கீழ வைங்க" என்றாள். அத்தனை பேருக்கு நடுவில் ஒரு பெண் அப்படிச் சொல்லி அந்த ஊர் கேட்டிருக்காது. செம்புகள் இறங்கின. அவள் அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"உருமாலைக் குடுங்கண்ணா. தொடைக்கோணும்."

காளியண்ணன் தங்கையைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். பொழுது சாய ஒரு பனை உயரம்தான் இருந்தது. அவர் பேசாமல் நின்றிருந்தாலே போதும். ஈரம் காய்வதற்குள் பொழுது சாய்ந்திருக்கும், பாவாயி போய்ப் பார்த்து வரும் தூரத்தில் திருச்செங்கோட்டில் வாழ்ந்திருப்பாள்.

அவர் உருமாலை அவிழ்த்தார். அவளிடம் கொடுக்கவில்லை. தானே கிடாயின் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். கழுத்தைத் துடைத்தார், முதுகைத் துடைத்தார், தாடியைப் பிழிந்தார். காதுக்குப் பின்னால்கூட, குழந்தைக்குத் துடைப்பதுபோல் துடைத்தார். உருமால் நனைந்ததும் பிழிந்து உதறினார். பாவாயி எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்து வைக்கோலால் வயிற்றைத் தேய்த்தாள்.   நான் கோட்டைக் கழற்றி விசிறினேன். துரை கழித்த ஒரு கோட்டுக்கு அதைவிட நல்ல உபயோகம் அதுவரை கிடைத்ததில்லை.

கிடாயின் நிழல் வேலமரம் வரைக்கும் நீண்டபோது காளியண்ணன் உள்ளங்கையால் அதன் முதுகைத் தடவிப் பார்த்தார். "ஒணந்துருச்சுங்க" என்றார்.

பூசாரி செம்பை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் காளியண்ணனிடம் நீட்டினார். "கேக்கறது நீங்க. நீங்களே ஊத்திக் கேளுங்க."

காளியண்ணன் ஒரு கை தண்ணீர்தான் எடுத்தார். "கருப்பா, இருந்தா இருக்கறான்னு சொல்லு" என்று கிடாயின் முதுகில் விட்டார்.

கிடாய் ஒரு கணம் நின்றது. பிறகு கொம்பிலிருந்து வால்நுனி வரை சடசடவென்று அப்படி ஒரு உதறு உதறியது. காளியண்ணன் முகம், பாவாயி முகம், என் முகம் எல்லாம் மஞ்சள் துளி. பெண்கள் குலவையிட்டார்கள். வேலமரத்துக் கொக்குகள் எல்லாம் பறந்தன. அரிவாள் எப்போது இறங்கியது என்று நான் பார்க்கவில்லை. என் கையால் தாடி கழுவிவிட்ட கிடாய் அது, திரும்பி நின்றுகொண்டேன்.

கள் இல்லாத கிடாய் விருந்து அந்த ஊருக்கு அதுதான் முதல் தடவையாம். தெளுவைக் குடித்துவிட்டு வேண்டுமென்றே தள்ளாடினார்கள். திருச்செங்கோட்டுக்காரர்கள் எல்லோரையும் விட நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையை ஊருக்குப் பொதுவாக விநியோகம் செய்துவிட்டுப் போனார்கள். காளியண்ணன் மட்டும் கறியைத் தொடவில்லை. தன் பங்குத் தொடையை வார் வாராக அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்துக் களத்தில் கட்டினார். வெயிலில் காய்ந்து உப்புக்கண்டம் ஆனால் மாதக்கணக்கில் கெடாது. "செங்கோடனுக்குக் குடுத்துடுங்க" என்றார் என்னிடம். "உசுரோட இருக்கறவன் தின்னுட்டு, உப்பு அதிகம்னு என்னைத் திட்டட்டும்."

கங்காணியின் ஆட்கள் கிளம்பும்வரை அந்தக் கயிற்றுக்கு அவர்தான் காவல். ஒரு நீளக் குச்சியை வைத்துக்கொண்டு பகல் முழுக்கக் காக்கை ஓட்டினார். வயலுக்குப் போகவில்லை. பாவாயியும் தன் துணிமூட்டையைக் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கடைசி நாள் மத்தியானம் நானும் போய் உட்கார்ந்தேன். அவர் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏனுங்க, அந்தச் சீமையில காக்கா இருக்குதுங்களா?"

"ஓம். நிறைய."

"எப்படிக் கத்துமுங்க?"

அவர் கேலி செய்யவில்லை. எனக்கும் கேலியாகச் சொல்லத் தோன்றவில்லை. "கா எண்டுதான்."

காளியண்ணன் பனைமட்டையில் உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துக் கறியைப் பார்த்துக்கொண்டிருந்த காக்கையை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நம்மூட்டுக் காக்காதான் அம்மிணி" என்று தங்கையிடம் சொன்னார். குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் காக்கை இறங்கி ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு எழுந்தது. பாவாயி குச்சியை எடுக்கப் பாய்ந்தாள்.

"உடு அம்மிணி" என்றார் அவர். "திங்கட்டும்."